குடியை விட்டவர், விட முடியாமல் தவிக்கிறவருக்குத் துணை நிற்பது எப்படி?

நான் குடியை விட்டு 12 வருஷம் ஆகிறது. கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை. விட முடியாமல் தவிக்கிற எத்தனையோ பேரோடு டீக்கடை பெஞ்சிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் உட்கார்ந்திருக்கிறேன். சிலர் மீண்டு வந்து பிள்ளைகளுக்குக் கல்யாணமே செய்துவைத்துவிட்டார்கள், சிலர் இன்னும் விழுவதும் எழுவதுமாக இருக்கிறார்கள், இரண்டு பேரை மயானம் வரை கொண்டுபோய் விட்டு வந்திருக்கிறேன். குடியை விட்டு ஒன்றிரண்டு வருஷம் ஆனவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "நானும் நாலு பேருக்கு உதவணும்ங்ணா, எங்கிருந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை." அவர்களுக்காக எழுதுகிறேன்.

ஆபத்தான விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். "நான் ஒரே நாள்ல விட்டேன், நீயும் விடு" என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். தினமும் குடித்துப் பழகிய உடம்பு, திடீரென்று நிறுத்தினால் தாங்காது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், தூக்கம் வராது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு நாளிலிருந்து நான்கு நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, சுவரில் பூச்சி ஊர்கிறது, வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். வீட்டில் அதைக் காத்துக் கருப்பு என்று நினைத்து மந்திரிக்கக் கூட்டிப்போகிறார்கள், அதற்குள் உயிர் போய்விடலாம். உங்களுக்கு இதெல்லாம் வராமல் போயிருந்தால் அது உங்கள் உடம்பு. அவர் உடம்பு வேறு.

காலையில் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நிற்கிறது என்பவரையும், முன்பு எப்போதாவது வலிப்பு வந்தவரையும் ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும், இதில் பேச்சுக்கே இடமில்லை. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள். எங்கே போவது என்று புரியவில்லை என்றால் அரசின் மருத்துவ உதவி எண் 104-க்குப் போன் போடலாம், மத்திய அரசின் மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416, போதை மீட்புக்கென்றே இருக்கிற எண் 14446. டாக்டர் "எவ்வளவு குடிப்பீங்க?" என்று கேட்டதும் "ஒரு குவார்ட்டர் சார்" என்பார், நாமும் அப்படித்தான் சொன்னோம். கூடப் போகிற உங்கள் வேலை, உள்ளே போவதற்கு முன்னாலேயே "நான் பாதிதான் சொன்னேன், அதனால எனக்கு மாத்திரை பத்தாமப் போச்சு, நீங்க முழுசும் சொல்லிருங்க" என்று சொல்லிவைப்பது. மாத்திரை அளவெல்லாம் அந்தப் பதிலை வைத்துத்தான் போடுகிறார்கள். "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துனா சரியாயிரும்" என்று தெருமுனை கிளினிக்குக்குக் கூட்டிப்போவதும் வேண்டாம். வருஷக்கணக்கில் குடித்த உடம்பில் பி1 சத்து குறைந்துபோயிருக்கும், அதைக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளையைப் பாதிக்கக்கூடும்.

சரி, உட்கார்ந்து பேசுவதற்கு வருவோம்.

போதையில் இருக்கும்போது பேசாதீர்கள், அவர் அழுவார், காலில் விழுவார், காலையில் ஒன்றும் நினைவிருக்காது. மனைவியையும் மச்சினனையும் சுற்றி உட்காரவைத்துப் பஞ்சாயத்து மாதிரியும் பேசக் கூடாது. காலை எட்டு மணி வாக்கில், தனியாக, டீக்கடை நல்ல இடம். அங்கே ஒரு விஷயம். டீயை அரை கிளாஸாகச் சொல்லுங்கள். முழு கிளாஸ் வந்தால் நடுங்குகிற கையில் தளும்பும், விரலில் கொட்டும், பக்கத்தில் இருக்கிறவர்கள் பார்ப்பார்கள், அவர் அந்த நிமிஷமே எழுந்து போய்விடுவார். எனக்கு ஒரு மனிதர் இதைச் செய்தார். ஒன்றும் கேட்காமல் மாஸ்டரிடம் "ரெண்டு அரை" என்று சொல்லி, தானும் அரை கிளாஸையே எடுத்துக்கொண்டார். இந்த ஆளுக்கு நம்மைத் தெரியும் என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது. அவர் அப்புறம் சொன்னது எல்லாவற்றையும் கேட்டேன்.

உங்கள் கதையில் எதைச் சொல்வது என்பதில்தான் முக்கால்வாசிப் பேர் தவறு செய்கிறார்கள். உள்ளதிலேயே பயங்கரமானதை எடுத்து வைப்போம். வண்டியோடு சாக்கடையில் விழுந்தது, மகள் கம்மலை அடகு வைத்தது, லிவர் வீங்கி ஐசியூவில் கிடந்தது. அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, "நான் அந்த அளவுக்கெல்லாம் போகலைங்க" என்று நிம்மதியாக எழுந்து போவார். நம் கதை பெரிதாக இருந்தால் அவர் குடி அவருக்கே சின்னதாகத் தெரியும். அதனால் சின்னச் சின்ன விஷயங்களைச் சொல்லுங்கள். பகல் 12 மணிக்குக் கடை திறக்க இன்னும் எத்தனை நிமிஷம் என்று செல்போனை எடுத்து எடுத்துப் பார்த்தது. பட்டறை டூல் பாக்ஸில் பாட்டிலை வைத்து மேலே பனியன் வேஸ்ட் போட்டு மூடியது. மூன்று பேர் குடிக்கிற இடத்தில் கடைசி ரவுண்டு யாருக்கு அதிகம் போகிறது என்று கண்ணாலேயே அளந்தது. வீட்டு வாசலுக்கு வந்ததும் மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போனது. இதைக் கேட்கும்போது அவர் தலையைக் குனிவார். அங்கே நிறுத்திவிடுங்கள். அவர் பேசட்டும், பத்து நிமிஷம் பேசாவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் இட்டு நிரப்ப வேண்டாம்.

இந்த முறை நாம் கண்டுபிடித்ததில்லை. 1935-ல் அமெரிக்காவில் அக்ரன் என்ற ஊருக்கு வியாபார விஷயமாகப் போன பில் வில்சன், குடியை விட்டு அப்போது சில மாதம்தான் ஆகியிருந்தது, போன காரியம் கெட்டு, ஓட்டல் பாரைப் பார்த்ததும் மனசு தடுமாறி, குடியில் மாட்டிய வேறு யாரையாவது பார்க்க வேண்டும் என்று ஒவ்வொருவராகப் போன் போட்டிருக்கிறார். அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற சர்ஜன். கால் மணி நேரம்தான் என்று சொல்லி வந்தவர் மணிக்கணக்கில் உட்கார்ந்துவிட்டார். ஏஏ என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அப்படித்தான் தொடங்கியது, நம் ஊர்களிலும் தமிழிலேயே மீட்டிங் நடக்கிறது, காசு வாங்குவதில்லை. வில்சன் போனது தான் குடிக்காமல் இருப்பதற்காகத்தான் என்பதைக் கவனியுங்கள். நீங்களும் அதைத் திறந்தே சொல்லலாம்: "உங்ககிட்ட பேசுனா எனக்கு இன்னைக்குப் பொழுது நல்லபடியாப் போகும்." கேட்கிறவருக்கு அது பெரிய மரியாதை.

கோயிலில் கயிறு கட்டியதையும் மாலை போட்டதையும் கேலி செய்யாதீர்கள். "மாலை கழட்டுன அன்னைக்கே குடிச்சிட்டேன்" என்று அவர் வெட்கப்பட்டுச் சொல்லும்போது நான் திருப்பிக் கேட்பது, "அந்த நாப்பத்தெட்டு நாளும் சாயங்காலம் என்ன பண்ணுனீங்க?" யோசித்துச் சொல்வார்: ஆறு மணிக்குக் குளியல், பஜனை, கூட நாலு சாமிகள், நேரத்துக்குச் சாப்பாடு, தரையில் தூக்கம். அவ்வளவும் அவரே செய்தது. பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நாலும் சேர்கிற நேரத்தில்தான் கால் கடைப் பக்கம் போகும், விரதம் அந்த நாலையும் அடைத்துவைத்திருந்தது. அதையே மாலை இல்லாமல் எப்படிச் செய்வது என்று இரண்டு பேருமாக உட்கார்ந்து பேசலாம்.

வீட்டுக்காரம்மா "அவருக்குத் தெரியாம சாப்பாட்டுல மருந்து கலந்து குடுக்கலாமா?" என்று கேட்பார். கூடவே கூடாது என்று சொல்லுங்கள். டைசல்பிராம் போன்ற மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் விழுவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். தெரிந்து, சம்மதித்து, டாக்டர் சொல்லி எடுக்கிற மாத்திரை அது. அடித்துத் தூக்கிக்கொண்டு போகிற மையங்களுக்கும் வழி காட்டாதீர்கள். என்னை ஒருமுறை அப்படி ஓரிடத்துக்குக் கொண்டுபோனார்கள், வெளியே வந்த அன்றே குடித்தேன். 2017 மனநலச் சட்டத்தில் குடியால் வரும் மனநலக் கோளாறும் அடங்கும், பதிவு இல்லாமல் மையம் நடத்தக் கூடாது, பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

குடியை நிறுத்தியபின் வருகிற முதல் ஆறு மாதத்துக்குத்தான் நம் அனுபவம் ரொம்பத் தேவைப்படும், ஏனென்றால் அதை டாக்டர் சீட்டில் எழுத முடியாது. பட்டறையில் சனிக்கிழமை வாரச் சம்பளம். கையில் காசு, அலுத்த உடம்பு, சாயங்காலம் ஆறு மணி. அந்த ஒரு மணி நேரத்துக்கு நீங்கள் கூட இருந்தால் போதும். முதலாளி கொடுத்ததும் இருவருமாக நடந்து, கடை இல்லாத தெரு வழியாகப் போய் வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள். கடன்காரர்கள் பட்டியலை ஒரு நோட்டில் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள், மீட்டர் வட்டியை மேலே. நீங்கள் பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் அடுத்த முறை உங்களைப் பார்த்ததும் வேறு சந்தில் திரும்பிவிடுவார்.

அப்புறம் வீடு. நான் குடியை விட்டு எட்டு மாதம் வரைக்கும் என் மனைவி கதவைத் திறந்ததும் லேசாக முன்னால் சாய்ந்து மோந்து பார்ப்பாள், பிறகுதான் வழி விடுவாள். எனக்கு ஆத்திரமாக வரும். குடிக்காமல் வந்தும் நம்பவில்லையே என்று கோபத்தில் அன்றைக்கே போய்க் குடித்தவர்களை எனக்குத் தெரியும். இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். "மோந்து பாப்பாங்க, பாக்கட்டும், பதினைஞ்சு வருஷம் நாத்தத்தோட வந்தோம்ல." ஒரு நாள் அவள் மோந்து பார்க்காமல் உள்ளே போனாள், நான் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

மறுபடி குடித்துவிட்டால்? குடிப்பார்கள், பலர் குடிப்பார்கள். நான் சொன்ன பாப் ஸ்மித்தே வில்சனைப் பார்த்த சில வாரத்தில் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன இடத்தில் குடித்துவிட்டார், திரும்பி வந்துதான் அந்த ஜூன் மாதம் கடைசியாக நிறுத்தினார். "இத்தனை சொல்லியும் என் மானத்தை வாங்கிட்டியே" என்று ஆரம்பித்தால் அவர் நம்மிடமிருந்து ஒளிய ஆரம்பிப்பார். எங்கே, எத்தனை மணிக்கு, அதற்கு முந்தின நாள் என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள். செத்துப்போகலாம் என்று இருக்கிறது என்றால் தனியாக விடாதீர்கள், அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே 14416-க்குப் பேசுங்கள்.

உங்களைப் பற்றியும் ஒன்று. பாரில் கிடக்கிறார் என்று போன் வந்தால் தனியாகப் போகாதீர்கள், விட்ட இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு இரண்டு பேராகப் போங்கள், அந்த வாசனை எத்தனை வருஷம் ஆனாலும் வாசனைதான். துக்க வீட்டிலும் அதே மாதிரி, தூக்கிப் போகிறவர்களுக்கு ஊற்றிக் கொடுக்கிற நேரத்துக்கு முன்னால் மாலையைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுங்கள். உதவி கேட்டு வருவது பெண்ணாக இருந்தால், குடியை விட்ட ஒரு பெண்ணிடம் சேர்த்துவிடுங்கள், ஆண்களிடம் சொல்ல முடியாதது அவர்களுக்கு நிறைய இருக்கும். அவர் சொன்னதை உங்கள் வீட்டில்கூடச் சொல்லக் கூடாது, ஒரு வருஷம் ஆனதும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கவும் கூடாது.

ஒரு வருஷம் நிலையாக நின்றுவிட்டார் என்றால், அடுத்து ஒருவரைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள். முதலில் அவரே பேசட்டும், தப்பாகப் பேசினாலும் நடுவில் புகாதீர்கள். டீ சொல்வதையும் அவரிடமே விட்டுவிடுங்கள், எத்தனை கிளாஸ், எவ்வளவு என்று அவருக்குத் தெரியும்.