மனநோயையும் மருந்தையும் ஒரே தாளில் படியுங்கள்

மருத்துவ உளவியல் பயிற்சிக்கு வருபவர்களில் பலர் நோய்களுக்கு ஒரு நோட்டு, மருந்துகளுக்கு ஒரு நோட்டு என்று பிரித்துக்கொண்டு படிக்கிறார்கள். தேர்வு எழுத அது போதும். வார்டில் கைகொடுக்காது. அங்கே இரண்டும் பின்னிக் கிடக்கும். எது எதனால் வந்தது என்று பிரித்தறிவதுதான் கடினமான வேலை. அதற்குப் பழக, ஒவ்வொரு கேஸையும் காலக்கோட்டில் போட்டுப் பாருங்கள்.

ஒரு ஏ4 தாளை அகலவாக்கில் வைத்து மூன்று வரிசை பிரியுங்கள். மேலே அறிகுறிகள்: எப்போது தொடங்கின, எப்போது தணிந்தன. நடுவில் மருந்து: பெயர், மில்லிகிராம், தொடங்கிய நாள், கூட்டிய நாள், நிறுத்திய நாள். கீழே தூக்கம், மது, புகை, காய்ச்சல், வேறு மாத்திரைகள். கேஸ் ஷீட்டை மட்டும் நம்பாதீர்கள். எழுதிக் கொடுத்ததெல்லாம் விழுங்கப்படுவதில்லை; மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லி எண்ணிப் பாருங்கள்.

மேல் வரிசை சரியாக விழுந்தாலே நோயறிதலில் பாதிக் குழப்பம் தீரும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேடான டிஎஸ்எம்-5 கணக்கில் மேனியாவுக்கு (கட்டுமீறிய உற்சாகமும் வேகமும்) 7 நாள், அதன் மிதமான வடிவமான ஹைப்போமேனியாவுக்குக் குறைந்தது 4 நாள், மனச்சிதைவு நோய்க்கு 6 மாதம் அறிகுறி நீடித்திருக்க வேண்டும் (மேனியாவில் மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் நாள் கணக்கு இல்லை). உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி-11 மனச்சிதைவுக்கு 1 மாதமே கேட்கிறது. எதன்படி எழுதுகிறீர்கள் என்று குறித்துவிடுங்கள். மாணவர்கள் அதிகம் தடுமாறுவது, மனச்சிதைவின் அறிகுறிகளும் மனச்சோர்வோ மேனியாவோ கலந்துவரும் ஸ்கிசோஅஃபெக்டிவ் கோளாறில். மனச்சோர்வோ மேனியாவோ இல்லாத காலத்திலும் குரல் கேட்பதோ பொய்நம்பிக்கையோ 2 வாரமாவது நீடித்ததா என்பது அங்கே முக்கியமான கேள்வி. நினைவை வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது.

நடு வரிசை எதற்கு என்பதை ஓர் உதாரணத்தில் பார்ப்போம். திங்களன்று, மனச்சிதைவுக்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால் மருந்து 5 மி.கி.யிலிருந்து 10 ஆகிறது. புதனன்று நோயாளி உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருக்கிறார். ‘பதற்றம் அதிகம்’ என்று குறிப்பு எழுதி, தளர்வுப் பயிற்சி தொடங்கத் தோன்றும். தாளைப் பாருங்கள்: மருந்து கூடி இரண்டே நாள். இது அகதீசியாவாக, அதாவது மருந்தால் வரும், சும்மா இருக்க விடாத தவிப்பாக இருக்கலாம். உட்காரவைத்து 2 நிமிடம், நிற்கவைத்து 2 நிமிடம் கால்களைக் கவனியுங்கள். “மனசு பதறுதா, இல்ல கால் சும்மா இருக்க விடலையா?” என்று கேளுங்கள். அன்றே மனநல மருத்துவரிடம் தேதியோடும் அளவோடும் சொல்லுங்கள். நோய்தான் முற்றுகிறது என்று நினைத்து மருந்தை இன்னும் கூட்டினால் அவஸ்தை பெருகும். தற்கொலை எண்ணம்கூட வரலாம்.

மருந்துப் பட்டியல் முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். வகைக்கு ஒன்றாக ஐந்து போதும்: ஹாலோபெரிடால் (மனச்சிதைவுக்கான பழைய வகை), குளோசபைன் (அதற்கான புதிய வகை), லித்தியம் (மனநிலையைச் சீராக்க), ஃப்ளுஆக்ஸெடின் (மனச்சோர்வுக்கு), லோரசெபாம் (பதற்றத்துக்கு). ஒவ்வொன்றுக்கும் பலன் தெரிய எத்தனை நாள், எந்தப் பக்கவிளைவு எந்த அறிகுறியைப் போல வேஷம் போடும், திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று எழுதுங்கள். லோரசெபாமைப் பல வாரம் எடுத்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். ஃப்ளுஆக்ஸெடினின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். படபடப்பு அதற்கு முன்பே வரலாம். அந்த இடைவெளியில், குறிப்பாக 25 வயதுக்கு உட்பட்டவர்களிடம், தற்கொலை எண்ணத்தை ஒவ்வொரு சந்திப்பிலும் நேரடியாகக் கேளுங்கள்.

கீழ் வரிசையைத்தான் எல்லோரும் காலியாக விடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் ஒளிந்திருக்கும். லித்தியத்தின் ரத்த அளவு பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல்; கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து எடுத்த ரத்தமாக இருக்க வேண்டும். வயிற்றுப்போக்கோ, மூட்டுவலிக்கு விழுங்கிய இபுப்ரோஃபெனோ அதை நச்சு அளவுக்கு ஏற்றிவிடலாம். கை நடுக்கம் பெரிதாகி, நடை தள்ளாடி, பேச்சுக் குழறினால் அன்றைய உளவியல் சோதனையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரை அழையுங்கள். குளோசபைன் எடுப்பவர் புகைப்பதை நிறுத்தினால், மாத்திரை அளவு மாறாமலே ரத்தத்தில் மருந்து ஏறும். அவருக்கு மலச்சிக்கல் உண்டா என்றும் கேளுங்கள். கவனிக்காமல் விட்டால் குடல் அடைத்து உயிரே போகலாம்.