நீச்சல் குளத் தளத்தில் விரிசலும் ஆடும் கைப்பிடியும்: எதை முதலில் சரிசெய்வது?

நீச்சல் குளத்தைச் சுற்றியுள்ள கான்கிரீட் தளத்தில் விரிசல் தெரிந்ததும் பலரும் கொஞ்சம் சிமென்ட்டைக் குழைத்து அப்பிவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் அதே கோட்டில் மறுபடி வெடிக்கும். கழற்றி மாட்டும் கைப்பிடியின் கால் இறங்கும் இடத்தில் விரிசல் இருந்தால் சொல்லவே வேண்டாம். ஏறி இறங்குபவர்கள் பிடித்து இழுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் குழாய் நெம்புகோலாக மாறிக் கான்கிரீட்டை உள்ளிருந்து தள்ளுகிறது. ஆட்டத்தை நிறுத்தாமல் விரிசலை அடைப்பது வீண் வேலை. அதனால் முதலில் கைப்பிடி, அப்புறம்தான் விரிசல்.

1. என்ன விரிசல் என்று பாருங்கள்

மயிரிழை போல மெல்லியதாக, மேலோட்டமாக ஓடும் கோடுகள் பெரும்பாலும் கான்கிரீட் காயும்போது சுருங்கியதால் வந்தவை. அவற்றுக்கு அவசரம் இல்லை. விரிசலின் ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் இருந்தால் பெரும்பாலும் அடியில் மண் இறங்கியிருக்கும், அல்லது மரவேர் தூக்கியிருக்கும். இதை மேல்பூச்சால் மறைக்க முடியாது. தண்ணீர்க் குழாய் கசிகிறதா, மழைநீர் உள்ளே போகிறதா என்று அனுபவமுள்ள ஒருவரை வைத்துப் பார்ப்பதே சரி.

கைப்பிடிக் குழியிலிருந்து கதிர் போல வெளியே ஓடும் விரிசல்தான் இங்கே நம் விஷயம். அதன் முனையில் பென்சிலால் ஒரு குறுக்குக் கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுதி வையுங்கள். சில வாரம் கழித்து விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் அது இன்னும் வளர்கிறது.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். குளத்தின் விளிம்புக் கல்லுக்கும் தளத்துக்கும் நடுவே நேராக ஓடும் இடைவெளி விரிசல் அல்ல. வெயிலில் தளம் விரிய வேண்டும் என்று விட்ட இடம் அது. அதில் சிமென்ட்டை அடைத்தால் விரிய இடமில்லாமல் தளம் விளிம்புக் கல்லைத் தள்ளும். அங்கே ரப்பர் போல வளையும் சீலன்ட் மட்டும்தான்.

2. ஆட்டம் எங்கே என்று கண்டுபிடியுங்கள்

கைப்பிடியைக் கழற்றும் முன் இதைச் செய்துவிடுங்கள். அடியில் உள்ள வட்ட மூடியை மேலே நகர்த்துங்கள். ஒருவர் கைப்பிடியை முன்னும் பின்னும் அசைக்கட்டும். நீங்கள் குனிந்து, சாக்கெட்டின் (கைப்பிடியின் கால் இறங்குவதற்காகக் கான்கிரீட்டில் புதைத்த குழலின்) உலோக விளிம்பும் கான்கிரீட்டும் சேரும் இடத்தில் விரல் நுனியை வையுங்கள். குழாய் மட்டும் ஆடி விளிம்பு அசையாமல் இருந்தால் நல்ல செய்தி, வேலை சின்னது. விளிம்பே அசைந்தால், அல்லது அங்கிருந்து ஈரமான மண் துகள் மேலே வந்தால், சாக்கெட் கான்கிரீட்டை விட்டுப் பிரிந்துவிட்டது.

3. கழற்றுவது

பல சாக்கெட்டுகளில் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு ஆப்பும் அதன் நடுவே ஒரு போல்ட்டும் இருக்கும். போல்ட்டை இறுக்கினால் ஆப்பு மேலே ஏறிக் குழாயை நெருக்கிப் பிடிக்கும். கழற்ற, போல்ட்டைச் சில சுற்று தளர்த்துங்கள். முழுவதும் எடுத்துவிடாதீர்கள், ஆப்பு உள்ளே விழுந்துவிடும். பிறகு போல்ட் தலையில் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் ஆப்பு கீழே இறங்கிப் பிடி விடும். இரண்டு காலையும் ஒரே நேரத்தில், நேர் மேலாகத் தூக்குங்கள். ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடுங்கினால் இருக்கிற விரிசல் இன்னும் நீளும்.

4. சாக்கெட்டைச் சுத்தம் செய்யுங்கள்

உள்ளே தேங்கிய மணல், இலை, துரு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வயர் பிரஷ்ஷால் தேயுங்கள். ஆப்பு அரித்துப் போயிருந்தால் புதிது மாற்றுங்கள். குழாயின் வெளி விட்டத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். சுமார் 48 மில்லிமீட்டர் பரவலான அளவு, ஆனால் எல்லாமே அப்படி இருக்காது.

உலோக சாக்கெட்டில் ஒரு செம்புக் கம்பி இணைந்திருக்கலாம். குளத்தைச் சுற்றியுள்ள உலோகப் பாகங்களை எல்லாம் ஒரே மின்னழுத்தத்தில் வைத்து, ஷாக் அடிக்காமல் காப்பது அதுதான். அதை வெட்டாதீர்கள். அறுந்திருந்தால் எலக்ட்ரீஷியன் வரும் வரை வேலையை நிறுத்திவையுங்கள்.

5. சாக்கெட்டே ஆடினால்

இது கொஞ்சம் பெரிய வேலை. கோர் டிரில் வைத்து சாக்கெட்டைச் சுற்றி வட்டமாக அறுத்து எடுத்து, புதிதை வைத்து, சுருங்காத கிரௌட் (ஊற்றி இறுகவிடும் சிமென்ட் கலவை) ஊற்ற வேண்டும். ஜிப்சம் கலந்த கிரௌட் வேண்டாம், தொடர்ந்து ஈரம் பட்டால் பலம் இழக்கும். தொடங்குபவர்கள் அறுக்கும் வேலையை ஆளிடம் விட்டுவிடுவது நல்லது. நீங்களே அறுப்பதென்றால் தண்ணீர் விட்டு அறுங்கள். கான்கிரீட் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும், அதனால் நல்ல மாஸ்க் கட்டாயம்.

கிரௌட் ஊற்றும்போது கைப்பிடியை இரண்டு சாக்கெட்டிலும் மாட்டி, மட்டம் பார்த்து, முட்டுக் கொடுத்து அப்படியே இறுக விடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு குழிக்கும் நடுவே உள்ள தூரம் துளி மாறினாலும் கைப்பிடி இறங்காது.

6. இப்போது விரிசல்

பழைய பூச்சை நோண்டி எடுத்து, தூசியை ஊதி, நன்றாகக் காய விடுங்கள். வளராத மெல்லிய விரிசலுக்குத் தண்ணீர் போல ஓடும் எபாக்ஸி போதும். அது தானாக உள்ளே இறங்கி இரண்டு பக்கத்தையும் ஒட்டும். வளர்கிற விரிசலில் எபாக்ஸி போட்டால் பக்கத்திலேயே புதிதாக வெடிக்கும். அதற்கு பாலியூரித்தேன் சீலன்ட்தான். அகலமாக இருந்தால் முதலில் நுரைக் கயிறு ஒன்றை உள்ளே அழுத்தி, அதன் மேல் சீலன்ட்டை இடுங்கள். அகலத்தில் பாதி அளவு ஆழம் இருந்தால் போதும். அடிவரை நிரப்பினால் அது இழுபட முடியாமல் கிழியும். ஈரமாக இருக்கும்போதே மேலே கொஞ்சம் மணல் தூவினால் கால் வழுக்காது, நிறமும் ஓரளவு தளத்தோடு சேரும்.

7. திரும்ப மாட்டுவது

எல்லாம் இறுகிய பிறகு (டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தைக் குறைக்காதீர்கள்) போல்ட் மரையில் துருப்பிடிக்காமல் காக்கும் கிரீஸைத் தடவி, குழாயை அடிவரை இறக்குங்கள். இரண்டு காலையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஆட்டம் நின்றதும் இன்னும் ஒரு துளி, அவ்வளவுதான். நீளமான ஸ்பேனர் போட்டு முழு பலத்தையும் காட்டினால் ஆப்பு சாக்கெட்டை வெளிப்பக்கம் தள்ளி, நீங்கள் இப்போது அடைத்த விரிசலையே மறுபடி திறக்கும். கைப்பிடிக் குழியைச் சுற்றி வரும் விரிசல்களில் இப்படி வருபவையும் உண்டு.

கைப்பிடியை நாள்கணக்கில் கழற்றி வைப்பதானால் சாக்கெட்டுக்கு மூடி போடுங்கள். கடுங்குளிர் உள்ள ஊரில் இது கட்டாயம். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் விரியும், நிறைந்த குழியில் அந்த அழுத்தம் கான்கிரீட்டைப் பிளக்கப் போதும். மூடும் முன் உள்ளே இருக்கும் தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.