ஊட்டில ஷூட்டிங் வேடிக்கை பாக்குறத விட்டுட்டு சினிமா, நாடகத்துக்குள்ள போறது எப்படி

நம்ம ஊர்ல ஒரு பழக்கம் இருக்கு, ஆறாவது மைல்ல ஷூட்டிங்னு காதுல விழுந்தா போதும், பைக்க எடுத்துட்டு போய் கயிறு கட்டின எடத்துக்கு வெளிய நின்னு நாலு மணி நேரம் குளிர்ல நடுங்கிட்டு, ஹீரோ கேரவன்ல ஏறும்போது ஒரு போட்டோ எடுத்துட்டு வீட்டுக்கு வந்துருவோம். நானும் காலேஜ் படிக்கிறப்ப ரெண்டு வருஷம் அப்படித்தான் சுத்தினேன். கூட்டத்துல நிக்கிறவன பாத்து டைரக்டர் "அந்த தம்பிய கூப்பிடு"ன்னு சொல்றதெல்லாம் நடக்கல, நடக்கவும் நடக்காது, அவருக்கு அன்னைக்கு மேகம் எறங்குறதுக்குள்ள பதினாலு ஷாட் எடுக்கணும்ங்கிற கவலை.

கயிறுக்கு உள்ள போக வழி இருக்கு. அது நடிப்பு இல்லைங்க, லொக்கேஷன் வேலை.

சென்னைல இருந்து யூனிட் வந்தா அவங்க மேனேஜருக்கு முதல்ல தேவைப்படுறது ஊர் தெரிஞ்ச ஒரு ஆள். நீங்க தெரிஞ்சுக்க வேண்டியது எந்த எடம் யார் கைல இருக்குங்கிறதுதான். ஆறாவது மைல், ஒன்பதாவது மைல் பக்கம்னா வனத்துறை, பொட்டானிக்கல் கார்டன்னா தோட்டக்கலைத் துறை, கேத்தி ஸ்டேஷன்னா ரயில்வே, தேயிலைத் தோட்டம்னா எஸ்டேட் ஆபீஸ், ஒவ்வொண்ணுக்கும் லெட்டர் தனி, காசு தனி, காத்திருக்குற நாள் தனி. 2024 மே மாசத்துல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேற வந்துருச்சு. அஞ்சு லிட்டருக்கு கம்மியான தண்ணி பாட்டில் நம்ம மாவட்டத்துல தடை, இது தெரியாம நூறு பேருக்கு சின்ன பாட்டிலா ஏத்திட்டு வந்து செக்போஸ்ட்ல மாட்டிக்கிற யூனிட் இன்னும் இருக்கு. ஜெனரேட்டர் வண்டி அந்த கொண்டை ஊசில திரும்புமா, கேரவன் எங்க நிறுத்தலாம், பக்கத்துல பாத்ரூம் இருக்கா, இதுக்கெல்லாம் டக்குனு பதில் சொன்னீங்கன்னா ரெண்டாவது நாள் உங்க பேரு சொல்லி கூப்பிடுவாங்க.

இன்னொண்ணு வெளிச்சம். கேத்தி பள்ளத்துல சாயங்காலம் வானம் பளிச்சுனு இருக்கும் ஆனா சூரியன் மலைக்கு பின்னாடி போயிட்டா முகத்துல வெளிச்சம் விழாது, கீழ் ஊர்ல இருந்து வர்ற கேமராமேன் முதல் நாள் இதுல ஏமாந்துருவாரு. ஒரு மாசம் தினமும் ஒரே எடத்த காலைல ஏழு, பத்து, ஒண்ணு, நாலு மணிக்கு போன்ல போட்டோ எடுத்து வைங்க. அந்த ஆல்பம் உங்க பயோடேட்டாவ விட பெருசு, சத்தியமா.

இப்படி ரெண்டு மூணு படம் லொக்கேஷன்ல ஓடின அப்புறம் அசிஸ்டண்ட் டைரக்டர்ஸ் கூட பழக்கம் வரும், யாராவது ஒருத்தர் லீவு போடுற அன்னைக்கு க்ளாப் உங்க கைக்கு வரும், இல்லைன்னா கன்டினியூட்டி நோட்டு வரும், அதாவது ஒரு ஷாட்டுல இருந்தது அடுத்த ஷாட்டுலயும் மாறாம இருக்கணும்னு எல்லாத்தையும் குறிச்சு வைக்கிற நோட்டு. எனக்கு நோட்டு வந்துச்சு. முதல் நாளே சொதப்பினேன். காலைல ஆறே முக்காலுக்கு ஒரு வீட்டு வாசல்ல ஹீரோயின் பேசுற வைடு ஷாட். மேகம் வந்துருச்சு, பிரேக். மத்தியானம் ஒண்ணரைக்கு அதே சீனுக்கு க்ளோசப். நான் ஸ்வெட்டர் பட்டன் எத்தன போட்டிருக்கு, சால்வை எந்த தோள்ல, டீ டம்ளர்ல டீ எவ்ளோ மிச்சம்னு எல்லாம் பக்காவா எழுதி வச்சிருந்தேன், கோ-டைரக்டர் மானிட்டர பாத்துட்டு திரும்பி "தம்பி, வாயில புகை எங்க?"ன்னாரு. காலைல குளிருக்கு பேசும்போது அந்தம்மா வாயில ஆவி வந்துட்டே இருந்துச்சு, மத்தியான வெயில்ல அது எங்க வரும். ரெண்டையும் ஒட்டினா ஒரே பேச்சுல பாதி மார்கழி பாதி சித்திரை. அந்த க்ளோசப்ப அடுத்த நாள் விடியக்காலம் எடுத்தாங்க, அந்தம்மாவுக்கு அஞ்சு மணிக்கு மேக்கப், என்னைய யாரும் திட்டல, ஆனா புரொடக்‌ஷன்ல ஒருத்தரும் அன்னைக்கு எனக்கு டீ நீட்டல. இப்ப நோட்டுல முதல் வரி நேரம், ரெண்டாவது வரி வாயில ஆவி இருக்கா இல்லையா. மலைல வளந்தவனுக்கு இது தெரிஞ்சிருக்கணும், தினமும் பாக்குறதால கண்ணுக்கு தெரியல.

சரி நடிக்கணும்ங்கிறவங்களுக்கு. நேரா சினிமா ஆடிஷன்னு அலையாதீங்க, நாடகத்துக்கு போங்க. சென்னைல கூத்துப்பட்டறைனு ஒரு நாடகக் குழு, ந.முத்துசாமி 1977ல ஆரம்பிச்சது, பசுபதி அங்க இருந்து வந்தவர்தான், விஜய் சேதுபதி அங்க கணக்கு எழுதுற வேலைக்கு போனவரு, பக்கத்துல உக்காந்து நடிப்ப பாத்துட்டே இருந்திருக்காரு. படிப்பா படிக்கணும்னா புதுச்சேரி பல்கலைக்கழகத்துல நிகழ்கலைத் துறை இருக்கு, சங்கரதாஸ் சுவாமிகள் பேர்ல ஆரம்பிச்சது. டெல்லில தேசிய நாடகப் பள்ளி, 1959ல இருந்து இருக்கு, மூணு வருஷம். அதுக்கு டிகிரியும் வேணும், ஆறு நாடகத்துலயாவது வேலை செஞ்சிருக்கவும் வேணும். மலைல ஆறு நாடகத்துக்கு எங்க போறதுன்னு கேப்பீங்க. சர்ச்ல கிறிஸ்மஸ் நாடகம், ஸ்கூல் ஆண்டு விழா, காலேஜ் கல்ச்சுரல்ஸ், பிளாஸ்டிக் ஒழிப்பு வீதி நாடகம்னு பாத்தா வருஷத்துக்கு மூணு தேறும். எதை அவங்க கணக்குல எடுப்பாங்கங்கிறத அந்த வருஷ நோட்டீஸ்ல நல்லா படிச்சுக்கோங்க, நடிச்ச ஒவ்வொண்ணுக்கும் நோட்டீசு, போட்டோ, ஒரு லெட்டர் வாங்கி ஃபைல்ல வைங்க, அப்புறம் தேடினா கெடைக்காது.

நம்ம கோத்தகிரி பொண்ணு சாய் பல்லவிய எல்லாரும் சொல்வாங்க. அவங்க டிவி டான்ஸ் ஷோல ஆடி, ஜார்ஜியால டாக்டருக்கு படிச்சிட்டு இருந்தப்ப 2015ல முதல் ஹீரோயின் படம் பண்ணாங்க. கைல ஒரு வித்தை, பக்கத்துல ஒரு படிப்பு. வீட்ல பேசும்போது இத சொல்லுங்க, எங்க அம்மாகிட்ட நான் சொல்லாம விட்டது இதத்தான்.

காசு கேக்குறவங்ககிட்ட கவனம். எனக்கு இருபது வயசுல கோயம்புத்தூர்ல ஒருத்தர் போர்ட்ஃபோலியோ, மெம்பர்ஷிப்னு பன்னெண்டாயிரம் வாங்கினாரு, எட்டு போட்டோ குடுத்தாரு, அதுல ஆறுல நான் கண்ண மூடியிருக்கேன். நிஜமான ஆடிஷனுக்கு யாரும் உங்ககிட்ட காசு வாங்க மாட்டாங்க. ஜன்னல் பக்கம் நின்னு போன படுக்க வச்சு புடிச்சு, பேரு வயசு உயரம் சொல்லிட்டு, ஒரு நிமிஷம் நடிச்சு அனுப்புனா முதல் ரவுண்டுக்கு அது போதும். பொண்ணுங்க, ஆடிஷன் ஆபீஸ்ல பகல்ல, கூட ஒரு ஆளோட, ஹோட்டல் ரூம்னா போகவே போகாதீங்க.

எழுதுறவங்களுக்கு நம்ம மலை மாதிரி எடம் கெடையாது. குன்னூர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடைல அரை மணி நேரம் உக்காந்தா படுகர் பேசுற படுகு, மலையாளம், கன்னடம், சிலோன்ல இருந்து திரும்பி வந்தவங்க பேசுற தமிழ்னு எல்லாம் ஒரே பெஞ்சுல கேக்கலாம், ஆனா படத்துல ஊட்டிக்காரன்னா இன்னும் குல்லா போட்டுட்டு மெட்ராஸ் தமிழ்தான் பேசுறான். கேட்டத அப்படியே எழுதி பழகுங்க. ஸ்கிரிப்ட்ல ஒரு பக்கம் ஒரு நிமிஷம்ங்கிறது தோராய கணக்கு, முதல்ல பத்து நிமிஷ ஷார்ட் ஃபிலிமுக்கு பத்து பக்கம் முடிங்க. கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி மாதிரி டைரக்டர்ஸ் எல்லாம் டிவில ஷார்ட் ஃபிலிம் போட்டில கலந்துக்கிட்டு பேர் வாங்கினவங்கதான். இன்னொரு விஷயம், ஐடியாவுக்கு காப்பிரைட் கெடையாது, எழுதின ஸ்கிரிப்டுக்குத்தான். காப்பிரைட் ஆபீஸ்ல ஆன்லைன்லயே பதியலாம், ஃபீஸ் 500 ரூபா. பதிஞ்சிட்டு அப்புறமா கதை சொல்லப் போங்க.

டைரக்‌ஷன் படிக்கணும், பிளஸ் டூ முடிச்சிருக்கேன்னா தரமணில எம்.ஜி.ஆர் அரசு திரைப்படக் கல்லூரி, நாலு வருஷ டிகிரி, டைரக்‌ஷன், ஒளிப்பதிவு, எடிட்டிங், சவுண்ட் எல்லாம் இருக்கு. அரசு காலேஜ்ங்கிறதால தனியார் எடம் மாதிரி லட்சக்கணக்குல கேக்க மாட்டாங்க. சீட் கம்மி, அப்ளிகேஷன் எப்ப விடுறாங்கன்னு கண்ணு வச்சிட்டே இருங்க.

சென்னை போறதுன்னா மேட்டுப்பாளையம் எறங்கி ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ், விடிஞ்சா சென்ட்ரல். சாலிகிராமம், வளசரவாக்கம் பக்கம் நாலு பேரோட ரூம் எடுங்க, அங்கதான் டீக்கடைல எந்த கம்பெனில கதை டிஸ்கஷன் நடக்குது, எங்க அசிஸ்டண்ட் தேவைன்னு பேச்சு வரும். ஆறு மாச செலவுக்கு காசு கைல இல்லாம ஏறாதீங்க, முதல் படத்துல தினப்படியா வர்ற பேட்டாவ நம்பி வாடகை குடுக்க முடியாது. ஸ்வெட்டர் ஒண்ணு போதும், அதுவும் ட்ரெயினுக்கு.

எந்த கோ-டைரக்டர போய் பாத்தாலும் முதல் கேள்வி எந்த ஊருன்னுதான் வரும். ஊட்டின்னு சொன்னதும் நிமிந்து பாத்து "அங்க பைன் காட்டுல ரெண்டு நாள் எடுக்கணும்னா யாரப் புடிக்கணும்?"னு சும்மா ஒண்ணு போட்டு பாப்பாரு. ஃபாரஸ்ட் ஆபீஸ்ல இருந்து ஆரம்பிச்சு எத்தன மணிக்கு மேகம் எறங்கும்ங்கிற வரைக்கும் சொல்லிட்டு, போன்ல அந்த ஆல்பத்த தொறந்து அவர் கைல குடுங்க.