உயரம் என்றால் பயம், ரோலர் கோஸ்டர் என்றால் ஆசை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பெரிய ரோலர் கோஸ்டர்ல ஒரு தடவை ஏறிட்டா பயம் போயிடும்" என்று கூட வருகிறவர்கள் சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். உயரத்துக்குப் பயப்படுகிறவர் நடுங்கியபடி இறங்கி, அப்புறம் அந்தப் பக்கமே போகாமல் இருப்பதுதான் பெரும்பாலும் நடக்கும்.

அமெரிக்காவின் ஒஹாயோவில் இருக்கும் சீடர் பாயின்ட் பூங்காவையே எடுத்துக்கொள்வோம். அங்கே 2000இல் திறந்த மில்லேனியம் ஃபோர்ஸ் என்ற ரோலர் கோஸ்டர் 310 அடி உயரம். அதே பூங்காவில் 48 அடி சீடர் க்ரீக் மைன் ரைடும், 78 அடி ப்ளூ ஸ்ட்ரீக்கும், 125 அடி ஜெமினியும் இருக்கின்றன. சின்னதிலிருந்து தொடங்குங்கள். ஒரு முறை ஏறியதும் அடுத்ததுக்கு ஓடவும் வேண்டாம். படபடப்பு அடங்கும் வரை அதே ரைடில் திரும்பத் திரும்ப ஏறுங்கள். பயத்துக்கான உளவியல் சிகிச்சையிலும் இப்படித்தான் படிப்படியாகப் பழக்குகிறார்கள்.

அடிக்கணக்கை மட்டும் பார்த்து ரைடைத் தேர்ந்தெடுப்பது இன்னொரு தவறு. அங்குள்ள கேட்கீப்பர் 170 அடிதான். ஆனால் இருக்கைகள் தண்டவாளத்துக்கு வெளியே, இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். காலுக்குக் கீழே வெறும் காற்று. அதே பூங்காவின் வால்ரேவன் ரைடு செங்குத்துச் சரிவின் விளிம்பில் சில நொடி நிறுத்தி, கீழே பார்க்க வைத்துவிட்டுத்தான் விடும். அங்கேயே இருக்கும் 205 அடி மேக்னம் ரைடில் கால் வைக்கத் தரை இருக்கிறது. உயரப் பயம் உள்ளவருக்கு இந்த இரண்டையும்விட அதுவே எளிது என்பேன்.

உண்மையான சோதனை மேலே ஏறும் நேரம். விழும்போது பயப்பட அவகாசமே இருக்காது. ஏறும்போது பக்கவாட்டில் எட்டிப் பார்க்காதீர்கள், முன் இருக்கையின் முதுகைப் பாருங்கள். கண்ணை இறுக மூடுவதும் உதவாது: அடுத்த திருப்பம் எப்போது என்று தெரியாமல் உடம்பு தடுமாறும், சிலருக்குக் குமட்டும். மூச்சைப் பிடித்துக்கொள்ளாமல் வாய்விட்டுக் கத்துங்கள். கத்தினால் மூச்சு தானாக வெளியே வந்துவிடும்.

மேலே ஏறும்போது கேட்கும் கடகட சத்தத்தை ஏதோ கழன்றுவிட்டதாக நினைக்கிறவர்கள் உண்டு. வண்டி பின்னால் சரியாமல் பிடிக்கும் பாதுகாப்புப் பற்களின் சத்தம் அது. சக்கரங்களும் தண்டவாளத்தின் மேலே மட்டும் இல்லை, பக்கத்திலும் அடியிலும் இருக்கின்றன. அடிச்சக்கரத்துக்கு ரோலர் கோஸ்டர் வடிவமைப்பாளர் ஜான் மில்லர் காப்புரிமை பெற்றது 1919இல். இதெல்லாம் முன்பே தெரிந்திருந்தால் கற்பனை ஓடுவது பாதி அடங்கும்.

முன் வரிசையில் வெட்டவெளி முழுதாகத் தெரியும். கடைசி வரிசை உச்சியைத் தாண்டும்போது வெடுக்கென்று இழுபடும். நடுவில் உட்காருங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டோ, காலியாகவோ போகாதீர்கள். இதய நோய், கழுத்து அல்லது முதுகுப் பிரச்சினை, கர்ப்பம் இருந்தால் ஏறவே வேண்டாம்.

சரி, ஏறும் மேடைவரை போய்விட்டு மனது ஒப்பவில்லை என்றால்? இவ்வளவு நேரம் வரிசையில் நின்றோமே என்று கட்டாயத்துக்கு உட்காராதீர்கள். ஊழியரிடம் சொன்னால் வெளியேறும் வழியைக் காட்டுவார். பூட்டும் கம்பி மடியில் இறங்குவதற்கு முன் சொல்லிவிடுங்கள்.