களிமண்ணில் உஷப்தி செய்வது எப்படி?

எகிப்தியக் கல்லறைகளில் நீலமும் பச்சையுமாகக் கிடைக்கும் சின்ன மம்மி உருவங்கள்தான் உஷப்தி. பார்க்கப் பொம்மை மாதிரி இருக்கும், ஆனால் அது ஏவலாள். ஒசிரிஸ் ஆளும் மறுவுலகிலும் வயல் உண்டு, வாய்க்கால் உண்டு, வேலைக்குக் கூப்பிடுவார்கள். அப்போது இறந்தவருக்குப் பதில் எழுந்து போவதற்காகத்தான் இதைக் கூடவே வைத்தார்கள். உயிரோடு இருந்தபோதே வாய்க்கால் வெட்ட அரசு ஆள் பிடித்த நாடு அது, அந்தப் பயம் கல்லறை வரை வந்ததில் வியப்பில்லை.

முதலில் ஒரு கைப்பிடிக் களிமண்ணைக் கேரட் வடிவத்தில் உருட்டுங்கள். கால்களைப் பிரிக்க வேண்டாம், துணி சுற்றிய உடம்பு இது. கைகளைத் தனியாகச் செய்து ஒட்டினால் காயும்போது கழன்றுவிடும் (எனக்கு இரண்டு முறை ஆயிற்று), அதனால் மார்பு மண்ணையே கிள்ளி எடுத்துக் குறுக்காகப் பதியுங்கள்.

அப்புறம் கருவிகள். கையில் மண்வெட்டி, முதுகில் விதைப்பை. கோடாகக் கீறினாலே போதும்.

அடுத்ததுதான் முக்கியம். விரல் வைத்தால் அமுங்காத, நகம் பட்டால் பதிகிற பதம் வரும்வரை காத்திருந்து, முள்ளால் எழுதுங்கள். இறந்தவருக்காக எகிப்தியர் தொகுத்த மந்திரங்களான இறந்தோர் நூலின் ஆறாம் மந்திரம் சொல்வது சுருக்கமாக இதுதான்: உஷப்தியே, வயலைப் பண்படுத்தவோ கரைக்கு நீர் பாய்ச்சவோ மணல் சுமக்கவோ என்னை அழைத்தால், "இதோ இருக்கிறேன்" என்று நீ சொல். உஷப்தி என்ற சொல்லையே பதில் சொல்பவன் என்றுதான் பிற்காலத்தில் புரிந்துகொண்டார்கள். யாருக்காகப் பதில் சொல்ல வேண்டும் என்று அதற்குத் தெரிய வேண்டாமா, அதனால் பெயரையும் எழுதுங்கள். மொத்தமாகச் செய்து விற்ற சிலவற்றில் பெயருக்கு விட்ட இடம் காலியாகவே இருக்கிறது, அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கனத்துப் போகும்.

நிழலில் காயவைத்து நீலப்பச்சை பூசுங்கள். அசலில் பல, படிகக்கல் பொடியில் சுண்ணாம்பும் காரமும் கலந்து சுட்ட ஃபயான்ஸ். அந்த நிறம் செம்பினால் வந்தது.

ஒன்று சரியாக வந்துவிட்டால் நிறுத்தாதீர்கள். எகிப்திய அரசன் துட்டன்காமனுக்கு 413 வைத்திருந்தார்கள்: நாளுக்கு ஒருவராக 365 வேலையாட்கள், பத்துப் பேருக்கு ஒருவராக 36 கங்காணிகள், மாதத்துக்கு ஒருவராக இன்னும் 12 பேர். பிற்காலக் கங்காணிக்கு மம்மித் துணி கிடையாது. இடுப்பில் முன்பக்கம் விறைத்து நிற்கும் வேட்டி, கையில் சாட்டை. அதைச் செய்யும்போது மட்டும் ஒரு கையைப் பக்கவாட்டில் தொங்கவிடுங்கள்.