அமிக்டலா மீது பழி போடாதீர்கள்: நரம்பறிவியல் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நரம்பறிவியலும் மனித நடத்தையும் சேர்ந்த படிப்புக்கு விண்ணப்பிப்பவர்களின் கடிதங்களில் பெரும்பாலும் ஒரே ஆசைதான் தெரியும்: மனிதர்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். நல்ல ஆசைதான். ஆனால் முதல் மாத வகுப்பில் காதலும் வராது, கோபமும் வராது. சோடியம், பொட்டாசியம், அவை நரம்புச் செல்லுக்குள் போய்வரும் வாயிலான அயனிக் கால்வாய், மில்லிவோல்ட் கணக்கு, இவைதான் வரும். "இதைத் தாண்டிவிட்டால் நிஜமான பாடம் வந்துவிடும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்த கையோடு மறந்துவிடுகிறார்கள். இந்தத் துறையில் நடக்கும் மற்ற தவறுகளில் பாதி இங்கிருந்துதான் முளைக்கிறது.

ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் கணவாயின் தடித்த நரம்பிழையை வைத்து, நரம்பில் மின்துடிப்பு எப்படிப் பிறக்கிறது என்பதை 1952-ல் சமன்பாடுகளாக எழுதினார்கள். 1963-ல் நோபல் பரிசு கிடைத்தது. பழைய கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். பல் பிடுங்குமுன் போடும் லிடோகைன் ஊசி மரத்துப்போகச் செய்வது அந்தத் துடிப்பைப் பிறப்பிக்கும் சோடியம் கால்வாய்களை அடைத்துத்தான். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடோயினும் அவற்றின் மீதுதான் வேலை செய்கிறது.

மனச்சோர்வுக்குத் தரும் ஃப்ளூஆக்ஸெட்டின் போன்ற மருந்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். நரம்புச் சந்திப்பில் செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் திரும்ப உறிஞ்சப்படுவதை அவை சில மணி நேரத்திலேயே தடுத்துவிடுகின்றன. நோயாளிக்கோ தெளிவு பிறக்க வாரங்கள் ஆகின்றன. "செரட்டோனின் குறைந்தால் சோகம், கூடினால் சந்தோஷம்" என்ற கணக்கு சரியாக இருந்தால் இந்தத் தாமதம் எங்கிருந்து வந்தது? அடிப்படையை ஒழுங்காகப் படித்தவருக்கு இந்த இடைவெளி உறுத்தும். படிக்காதவர் கண்ணில் அது படாது. மூளைக்கும் நடத்தைக்கும் இடையே கிடக்கும் தூரத்தை உணரவைப்பதுதான் இந்தப் படிப்பின் உண்மையான பயன் என்பது என் எண்ணம். ஒரே தாவலில் அதைக் கடக்கப் பார்ப்பதுதான் பெரிய தவறு.

ஒரு பகுதி, ஒரு வேலை என்று எழுதுவது

மூளைப் பகுதிகளில் அமிக்டலா என்றால் பயம், ஹிப்போகேம்பஸ் என்றால் நினைவு; நரம்புகளிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமைன் என்றால் இன்பம். முதல் ஆண்டு விடைத்தாள்களில் இந்தச் சமன்பாடுகள் குவிந்து கிடக்கும். யூடியூபில் "டோபமைன் டீடாக்ஸ்" காணொளி பார்த்துவிட்டு வருபவர்களுக்கு இது இன்னும் எளிதாகத் தோன்றும்.

எஸ்.எம். என்ற எழுத்துகளால் அறியப்படும் பெண்ணின் கதையைப் பாருங்கள். அரிய மரபணு நோய் ஒன்றால் அவருக்கு இரண்டு பக்க அமிக்டலாவும் சிதைந்துபோயின. பாம்பைக் காட்டினாலும் பேய்ப்படம் போட்டாலும் அவருக்குப் பயம் வராது. "பார்த்தீர்களா, பயத்தின் இருப்பிடம் அமிக்டலா" என்று முடித்துவிடலாம் போலிருக்கும். 2013-ல் வெளியான ஆய்வில் அவரையும் அதே பாதிப்புள்ள வேறு இருவரையும் 35 சதவீதக் கரியமில வாயு கலந்த காற்றை ஒரு மூச்சு இழுக்கச் சொன்னார்கள். மூவரையும் பீதி பிடித்து உலுக்கியது. வெளியிலிருந்து வரும் அபாயத்தைக் கண்டு அஞ்சுவதற்கு அமிக்டலா வேண்டியிருக்கிறது. உடம்புக்குள்ளிருந்து எழும் மூச்சுத் திணறலுக்கு அது தேவைப்படவில்லை. எல்லாவற்றையும் "பயம்" என்ற ஒரே பெட்டியில் போட்டதுதான் பிரச்சினை.

டோபமைனும் அப்படித்தான். நரம்பறிவியலாளர் வுல்ஃப்ராம் ஷூல்ட்ஸின் சோதனையில் குரங்குகளுக்கு எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது டோபமைன் செல்கள் துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகியபின் துடிப்பு விளக்கின் பக்கம் நகர்ந்துவிட்டது. சாறு வரும்போது சலனமே இல்லை. எதிர்பார்த்த சாறு வராமல் போனால் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே இறங்கியது. அந்த செல்கள் எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டுவதாகத் தெரிகிறது. கென்ட் பெரிட்ஜ் என்ற ஆய்வாளர் சோதித்த எலிகளிடம் இன்னொரு பக்கம் தெரிந்தது. டோபமைன் கிட்டத்தட்ட முழுவதும் அழிக்கப்பட்ட எலிகள் தாமாக எழுந்துபோய்ச் சாப்பிடாது. வாயில் சர்க்கரைத் தண்ணீர் விட்டாலோ, ருசித்துச் சப்புக்கொட்டும் முகபாவம் அப்படியே இருக்கும். அதாவது ருசி போகவில்லை, நாட்டம்தான் போயிருக்கிறது. இதே டோபமைன் செல்கள் நடுமூளையின் வேறொரு மூலையில் அழிந்தால் கை நடுங்குகிறது, நடை தடுமாறுகிறது. அதற்குப் பெயர் பார்கின்சன் நோய்.

இந்தத் தவறுக்கு ஒரு இரட்டைச் சகோதரன் உண்டு. ஸ்கேனில் ஒரு பகுதி ஒளிர்வதைப் பார்த்துவிட்டு, "இவர் மனதில் இது ஓடுகிறது" என்று பின்னோக்கி ஊகிப்பது. நரம்பறிவியலாளர் ரஸ்ஸல் போல்ட்ராக் 2006-லேயே இதை எச்சரித்தார். 2011-ல் ஒரு பெரிய அமெரிக்க நாளிதழில், ஐபோன் சத்தத்தைக் கேட்டபோது இன்சுலா என்ற பகுதி இயங்கியது, எனவே மக்கள் தங்கள் ஐபோனைக் காதலிக்கிறார்கள் என்று ஒரு கட்டுரை வந்தது. போல்ட்ராக்கோடு சேர்ந்து 40-க்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் மறுப்புக் கடிதம் எழுதினார்கள். இன்சுலா வலியிலும் இயங்கும், அருவருப்பிலும் இயங்கும். கல்யாண வீட்டில் கூட்டம் இருக்கும்தான். கூட்டம் இருக்கிற வீட்டிலெல்லாம் கல்யாணம் நடப்பதில்லை.

ஃபினியஸ் கேஜின் கதையும் எல்லாப் பாடப்புத்தகத்திலும் வரும். 1848 செப்டம்பர் 13 அன்று, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், ரயில் பாதைக்குப் பாறை உடைக்கும் வேலையில் ஒரு மீட்டருக்கும் நீளமான, ஆறு கிலோ எடையுள்ள இரும்புக் கம்பி அவர் மண்டையைத் துளைத்துக்கொண்டு போனது. பிழைத்தார், குணம் மாறிவிட்டது. இதோடு நிறுத்திவிடுவார்கள். அவர் பிறகு சிலியில் சில ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார் என்பதைப் பலர் எழுதுவதில்லை. பல குதிரைகளைப் பூட்டிய வண்டியை நேரம் தவறாமல் ஓட்டி, பயணிகளோடு பழகியவர் முழுக்கத் தறிகெட்டுப்போனவராக இருந்திருக்க முடியாது. வரலாற்றாசிரியர் மால்கம் மேக்மில்லன் மூல ஆவணங்களைத் தோண்டி எடுத்துக் காட்டியபிறகுதான் கதை எவ்வளவு ஊதப்பட்டது என்று தெரிந்தது. தேர்வில் கேஜைப் பற்றி எழுதும்போது அவருடைய கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகளையும் சேர்த்து எழுதுங்கள்.

புள்ளியியலைப் பாஸ் மார்க்குக்குப் படிப்பது

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். நம் மாணவர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இதுதான்.

மூளை இயங்குவதைக் காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேன் படத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்வது எண்ணமும் அல்ல, நியூரானும் அல்ல. ரத்தத்தின் ஆக்சிஜன் நிலையில் ஏற்படும் சிறு மாற்றத்தின் மீது செய்த புள்ளியியல் கணக்குக்கு நிறம் பூசியிருக்கிறார்கள், அவ்வளவுதான். நியூரான் மில்லி விநாடிகளில் வேலையை முடித்துவிடும். ரத்த ஓட்டம் அதற்கு எதிர்வினை காட்டி உச்சத்தைத் தொட ஐந்து விநாடி போல ஆகும். படத்தின் ஒரு சிறு கட்டத்துக்குள்ளேயே பல லட்சம் நியூரான்கள் இருக்கும்.

கிரெய்க் பென்னட்டும் நண்பர்களும் 2009-ல் ஒரு வேடிக்கை செய்தார்கள். செத்துப்போன சால்மன் மீன் ஒன்றை ஸ்கேனருக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, "இவர் என்ன உணர்கிறார்?" என்று கேட்டார்கள். மீனின் மூளையில் சில கட்டங்கள் 'இயங்கின'. 2012-ல், சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு கிடைத்தது. கேலிதான், ஆனால் கணக்கு எளிது. ஒரு லட்சம் கட்டங்களைத் தனித்தனியாகச் சோதித்து, பி-மதிப்பு 0.05-க்குக் கீழே வந்ததையெல்லாம் ஏற்றுக்கொண்டால், ஒன்றுமே நடக்காத மூளையிலும் சுமார் ஐந்தாயிரம் கட்டங்கள் ஒளிரும். 0.001 என்று கடுமையாக்கினாலும் நூறு தேறும். இத்தனை முறை சோதித்ததற்குத் தகுந்த திருத்தம் செய்தபோது மீன் மறுபடியும் செத்துவிட்டது.

"பி-மதிப்பு 0.05-க்குக் குறைவு, ஆகவே என் கருதுகோள் 95 சதவீதம் உண்மை" என்று ஆய்வேட்டில் எழுதாதீர்கள். விளைவே இல்லை என்று வைத்துக்கொண்டால் இப்படிப்பட்ட தரவு எவ்வளவு அபூர்வம் என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது. 2013-ல் கேத்தரின் பட்டனும் உடன் ஆய்வாளர்களும், தாங்கள் அலசிய நரம்பறிவியல் ஆய்வுகளின் இடைநிலைத் திறன் (இருக்கும் விளைவைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) சுமார் 21 சதவீதம்தான் என்று கணக்கிட்டார்கள். உண்மையிலேயே ஒரு விளைவு இருந்தாலும், ஐந்து முறை தேடினால் ஒரு முறைதான் அது அகப்படும் என்று பொருள். சிறு மாதிரியில் அகப்படும்போது நிஜத்தைவிடப் பெரிதாகவும் தோன்றும். இருபது பேரை வைத்துச் செய்த ஆய்வைக் காட்டி யாராவது மனித இயல்பைப் பற்றிப் பேசினால் மெதுவாக நழுவிவிடுங்கள்.

பிளஸ் டூவில் பயாலஜி மட்டும் எடுத்து, கணக்கிலிருந்து தப்பித்தோம் என்று நினைத்தவர்களுக்கு இது கசக்கும். இரண்டாம் ஆண்டுக்குள் ஆர் (R) அல்லது பைதான் என்ற கணினி மொழியில் சொந்தமாக ஒரு தரவுத் தொகுப்பை அலசத் தெரிந்துகொள்ளுங்கள். ஆய்வுக்கூட வாசல் திறக்க அது உதவும் அளவுக்கு மூளைப் பகுதிகளின் பெயர்ப் பட்டியல் உதவாது.

பிரபலமான சோதனைகளை வேதமாக எடுத்துக்கொள்வது

மார்ஷ்மெல்லோ மிட்டாயை உடனே சாப்பிடாமல் காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் நன்றாக வந்தார்கள் என்பது சுயமுன்னேற்றக் கூட்டங்கள்வரை போய்ச் சேர்ந்துவிட்ட ஆய்வு. 2018-ல் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவை வைத்துப் பார்த்தபோது தொடர்பு பாதியாகச் சுருங்கியது. குடும்பச் சூழலையும் கணக்கில் எடுத்தபிறகு பெரும்பகுதி கரைந்துபோனது. 2015-ல் வெளிவந்த கூட்டு முயற்சி ஒன்றில் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். புள்ளியியல்படி தேறியது மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதல். பாடப்புத்தகம் இதையெல்லாம் சேர்த்துக்கொள்ள ஆண்டுகள் ஆகும். ஆகவே எந்தப் பிரபல ஆய்வையும் மேற்கோள் காட்டுமுன், அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்கள் உண்டா என்று தேடுங்கள்.

பெரிய பெயர்களையும் அதே கண்ணோடு பாருங்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன், இல்லாத கையில் எழும் வலிக்கு வெறும் கண்ணாடிப் பெட்டியை வைத்து வைத்தியம் தேடியவர். எளிய சோதனை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அதை நான் இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். உயிரியலுக்கு டி.என்.ஏ. செய்ததை உளவியலுக்குக் கண்ணாடி நியூரான்கள் (தான் ஒரு செயலைச் செய்யும்போதும், அதைப் பிறர் செய்வதைப் பார்க்கும்போதும் துடிப்பவை) செய்யும் என்றும் அவர் 2000-ல் எழுதினார். அந்த எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. நம்மூர்க்காரர் என்பதற்காக இரண்டையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம்.

இன்னொன்று, யாரைச் சோதித்தார்கள் என்பது. ஜோசப் ஹென்ரிக்கும் இரண்டு சகாக்களும் 2010-ல் சுட்டிக்காட்டியபடி, நடத்தை ஆய்வுகளில் பெரும்பாலும் பங்கேற்றவர்கள் மேற்கத்திய, படித்த, வசதியான சமூகத்தினர். இதை வகுப்பில் ஆவேசமாகப் பேசிவிட்டு, தன் ஆய்வேட்டுக்கு ஹாஸ்டல் வாட்ஸ்அப் குழுவில் ஆங்கிலக் கூகுள் ஃபார்மைப் போட்டு, வந்த பதில்களை "இந்திய இளைஞர்கள்" என்று எழுதுகிறவர்களும் உண்டு!

படிக்கும் முறை

நினைவைப் பற்றிப் படிப்பவர்களே மார்க்கர் பேனாவால் பக்கம் பக்கமாக மஞ்சள் பூசிக்கொண்டிருப்பது விசித்திரம். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006-ல் காட்டியது இது: திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். வெற்றுத்தாளில் பார்வை நரம்புப் பாதையை விழித்திரையிலிருந்து பின்மண்டைவரை வரைந்து பாருங்கள். எந்த இடத்தில் கை நிற்கிறதோ அங்கிருந்து படியுங்கள்.

மனநோய்ப் பாடம் நடக்கும் பருவத்தில் ரூம்மேட்டுக்கு ஏ.டி.எச்.டி. என்றும், முன்னாள் காதலனுக்கு நார்சிசம் என்றும் தீர்ப்பு எழுதாமலிருங்கள். தனக்கே இருப்பதாகச் சந்தேகம் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும், பாடக்குறிப்பை அல்ல.

பட்டத்தைத் தவறாகப் புரிந்துகொள்வது

நரம்பறிவியலில் எம்.எஸ்சி. முடித்தால் நோயாளிகளுக்குச் சிகிச்சை தரலாம் என்று நம்பிச் சேர்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். முடியாது. நரம்பியல் மருத்துவராக எம்.பி.பி.எஸ்., அதன்மேல் எம்.டி., டி.எம். என்று போக வேண்டும். இந்தியாவில் மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய ஆர்.சி.ஐ. என்ற இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த படிப்பும் பதிவும் தேவை. பிரிட்டனுக்குப் போகிறவர்கள், அந்தப் படிப்புக்கு பிரிட்டிஷ் உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பணம் கட்டுமுன்பே பாருங்கள். உளவியல் பட்டங்களுக்குப் பெரும்பாலும் இருக்கும், நரம்பறிவியல் பட்டங்கள் பலவற்றுக்கு இருக்காது. பிறகு உளவியலாளர் பயிற்சிக்குப் போக விரும்பினால் இன்னொரு மாற்றுப் படிப்புக்கு மறுபடி கட்டணம் கட்ட வேண்டிவரும்.

ஆராய்ச்சிதான் விருப்பம் என்றால், ஆய்வுக்கூடத்தைத் தேர்ந்தெடுக்குமுன் அங்கே அன்றாடம் என்ன நடக்கிறது என்று முனைவர் பட்ட மாணவர்களிடம் கேளுங்கள். எலிகளை வைத்துச் செய்யும் நடத்தை ஆய்வுகள் பலவற்றில், கடைசியில் அந்த எலியைக் கொன்று மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்ப்பதும் வேலையின் பகுதி. நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு நடப்பதுதான். ஆனாலும் பலருக்கு அது ஒத்துவராது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஈ.ஈ.ஜி. என்ற மூளை மின்னலைப் பதிவு, கண் அசைவுப் பதிவு, கணினி மாதிரிகள் என்று வேறு வழிகள் இருக்கின்றன. வழிகாட்டியிடம் இதைச் சேருமுன்பே பேசிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துச் சொன்னால் ஆய்வேட்டின் தலைப்பையே மாற்ற வேண்டியிருக்கும்.