எலும்பு கூடிய பிறகு மீண்டும் ஓட: டர்பன் ஓட்டக்காரர்களுக்கு

எக்ஸ்ரேயைப் பார்த்து "எலும்பு கூடிவிட்டது" என்று டாக்டர் சொல்லும் நாள் வேறு, ஓடத் தொடங்கும் நாள் வேறு. இடையில் சில வாரங்கள் உண்டு. அந்த வாரங்களைத் தாண்டிக் குதிப்பவர்களுக்குத்தான் அதே இடத்தில் மறுபடியும் கீறல் விழுகிறது. தென்னாப்பிரிக்காவின் ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஓட்டப் போட்டியான காம்ரேட்ஸுக்காக மார்ச் முதல் மே வரை கிலோமீட்டரை ஏற்றிக்கொண்டே போகும்போது காலில் கீறல் விழுந்தவர்களும், தவறி விழுந்து காலை முறித்துக்கொண்டவர்களும் இதைக் கவனித்துப் படிக்க வேண்டும்.

முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் கட்டும். முதல் வாரத்து வீக்கமும் சூடும் உடம்பு செய்யும் வேலைதான். சேதமான துணுக்குகளை அகற்றும் செல்களும் புது எலும்பைக் கட்டும் செல்களும் அப்போதுதான் அங்கே வந்து சேர்கின்றன. அதனால் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளை நீங்களாகவே வாரக்கணக்கில் விழுங்க வேண்டாம். அவை வீக்கத்தோடு ஆறுவதையும் மெதுவாக்கக்கூடும். முதலில் பாராசிட்டமால் போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

இரண்டு, மூன்று வாரங்களில் இரு முனைகளையும் குருத்தெலும்பு போன்ற மென்மையான பாலம் இணைக்கும். அதில் சுண்ணாம்புச் சத்து ஏறிக் கெட்டியாக ஏறக்குறைய 6 முதல் 12 வாரம் ஆகும். எக்ஸ்ரேயில் வெள்ளை முண்டாகத் தெரிவது இதுதான். ஆனால் அந்த முண்டில் இருப்பது அவசரத்தில் கட்டிய ஒழுங்கற்ற எலும்பு. காலில் விழும் சுமைக்கு ஏற்ப உடம்பு அதை மறுபடி அடுக்கிச் சீராக்க மாதங்கள் ஆகும், சிலருக்கு ஆண்டுக்கு மேலும் ஆகும். சுமையே இல்லாவிட்டால் இந்தச் சீரமைப்பு நடக்காது. அளவு மீறினால் கட்டியது உடையும். ஓட்டத்துக்குத் திரும்புவது என்பது இந்த இரண்டுக்கும் நடுவே நடப்பதுதான்.

ஓடி ஓடி எலும்பில் விழும் அழுத்தக் கீறலின் கதை வேறு. ஒரே அடியில் அது உடைவதில்லை. தேய்ந்த எலும்பை அகற்றும் வேகம் புதிதாகக் கட்டும் வேகத்தை மிஞ்சும்போது விழுகிறது. முதல் இரண்டு, மூன்று வாரம் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கலாம். ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் வலி, ஓடும்போது கூடும் வலி, இரவில் படுத்தபோதும் விடாத வலி இருந்தால், எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று சொன்னாலும் எம்ஆர்ஐ பற்றிக் கேளுங்கள்.

எந்த எலும்பு என்பது காலக்கணக்கை மாற்றும். பாதத்தின் நடுவிரல்களுக்குப் பின்னுள்ள எலும்புகளில் கீறல் என்றால் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் ஓட்டத்தை நிறுத்த வேண்டும். முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பான டிபியாவின் உட்புற ஓரம் என்றால் 6 முதல் 12 வாரம். தொடை எலும்பின் கழுத்து, டிபியாவின் முன்பக்கம், பாதத்தின் நடுவில் உள்ள நேவிகுலர் எலும்பு, சுண்டுவிரல் எலும்பின் அடிப்பகுதி ஆகிய நான்கும் ஆபத்தானவை. இங்கே கீறல் முழு முறிவாகிவிடலாம், அறுவை சிகிச்சையும் தேவைப்படலாம். இவற்றில் நாட்களை நீங்களே எண்ணக் கூடாது, எலும்பு டாக்டர்தான் சொல்ல வேண்டும். டிபியா முழுவதும் முறிந்து எலும்புக்குள்ளே ராடு (உலோகக் கம்பி) வைத்திருந்தால், எலும்பு கூடுவதற்கே 4 முதல் 6 மாதம் ஆகலாம். ஓட்டம் அதற்குப் பிறகுதான். ராடு வைத்தவர்களுக்கு மண்டியிடும்போது முழங்காலின் முன்பக்கம் வலிப்பது சகஜம்.

கட்டுப் போட்ட முதல் சில நாட்களில் வலி ஏறிக்கொண்டே போனாலோ, விரல்கள் மரத்தாலோ, விரலை மேலே இழுத்தால் தாங்க முடியாமல் வலித்தாலோ விடியும் வரை காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். தசைக்குள் அழுத்தம் ஏறியிருக்கலாம். சில மணி நேரத் தாமதம் காலையே கெடுத்துவிடும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், திடீரென்று மூச்சு வாங்கினாலும் அதே அவசரம்தான். அது இரத்தக் கட்டியாக இருக்கலாம்.

ஆறுவதைத் தாமதப்படுத்துவதில் புகைப்பழக்கம் முன்னால் நிற்கிறது. அடுத்தது கட்டுப்பாடில்லாத சர்க்கரை. நம் வீடுகளில் சர்க்கரை நோய் அதிகம், ஆகவே முறிவு வந்தால் சர்க்கரை அளவையும் பார்த்துவிடுங்கள். புரட்டாசியில் மாமிசத்தை விடுபவர்கள் புரதத்தையும் சேர்த்து விட்டுவிடாதீர்கள். பருப்பு, சுகர் பீன்ஸ், அமாசி என்ற புளித்த பால், தயிர் எல்லாம் தட்டில் இருக்கட்டும். உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதமும், 1000 மில்லிகிராம் கால்சியமும் வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரத அளவை டாக்டரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். நிற்கும் வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுபோன பெண் ஓட்டக்காரர் அதை டாக்டரிடம் மறைக்கவே கூடாது. உடம்புக்குப் போதிய உணவு போகவில்லை என்பதற்கு அது பெரிய அடையாளம், கீறல் மறுபடி மறுபடி விழுவதற்கும் அதுவே காரணமாகலாம்.

முறிந்த காலைத் தாங்கும் மூன் பூட்டைக் கழற்றியதும் டேக்கியை (ஓட்டக் காலணியை) மாட்டிக்கொண்டு ஓட வேண்டாம். கெண்டைத் தசை இளைத்திருக்கும், கணுக்கால் இறுகியிருக்கும். எலும்பில் விழும் அதிர்ச்சியின் பெரும்பங்கைத் தசைதான் தாங்க வேண்டும், இப்போது அதற்குத் தெம்பு இல்லை. டாக்டர் சம்மதித்தால் நீச்சல் குளத்தில் மிதவைப் பட்டை கட்டி ஆழமான நீரில் ஓடலாம், சைக்கிள் மிதிக்கலாம். மூச்சும் இதயமும் அதில் காப்பாற்றப்படும்.

பின்வரும் எல்லாவற்றையும் வலியில்லாமல் செய்ய முடிந்தால்தான் ஓட்டம்: முறிந்த இடத்தை விரலால் அழுத்துவது, 30 நிமிட வேக நடை, அடிபட்ட ஒற்றைக் காலில் நின்று குதிகாலை 25 தடவை தூக்குவது, அதே காலில் 10 தடவை அரைவாசி உட்கார்ந்து எழுவது, நின்ற இடத்தில் ஒற்றைக் காலில் 10 தடவை குதிப்பது. குதிகால் தூக்குவதில் மற்றக் கால் 30 செய்து இது 15-இலேயே தளர்ந்தால், இன்னும் இரண்டு, மூன்று வாரம் பிசியோ தந்த பயிற்சிதான்.

தொடங்கும்போது ஒருநாள் விட்டு ஒருநாள், ஒவ்வொரு முறையும் 5 நிமிட நடைக்குப் பிறகு:

முதல் படி: 1 நிமிடம் ஓட்டம், 4 நிமிடம் நடை, 6 தடவை.
இரண்டாம் படி: 2 நிமிடம் ஓட்டம், 3 நிமிடம் நடை, 6 தடவை.
மூன்றாம் படி: 3 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 6 தடவை.
நான்காம் படி: 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 6 தடவை.
ஐந்தாம் படி: 30 நிமிடம் நிற்காமல், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில்.

ஒவ்வொரு படியையும் குறைந்தது மூன்று முறை வலியில்லாமல் முடித்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். முழு முறிவு என்றால் இன்னும் மெதுவாக. தசை வலியும் எலும்பு வலியும் ஒன்றல்ல: கெண்டையில் பரவலான லேசான வலி மறுநாள் தணிந்துவிட்டால் பரவாயில்லை. முறிந்த இடத்திலேயே புள்ளியாக வலித்தால் அன்றைய ஓட்டம் அங்கேயே முடிந்தது. நடையில் வலி முற்றும் போன பிறகு ஒரு படி கீழே இறங்கித் தொடங்குங்கள். அதே இடத்தில் இரண்டாம் தடவை வந்தால் டாக்டரிடம் திரும்புங்கள்.

எலும்புக்குள் சுமையை உணர்ந்து பதில் தரும் செல்கள் சில நிமிடங்களிலேயே மந்தமாகி, சில மணி நேர ஓய்வுக்குப் பிறகு மறுபடி கூர்மையாகின்றன. அதனால் நீண்ட ஒரே ஓட்டத்தைவிடக் குறுகிய ஓட்டங்களே எலும்புக்கு நல்லது. அடிகளைச் சற்றுக் குறுக்கி, நிமிடத்துக்கு 5 முதல் 10 சதவீதம் அதிக அடி வைத்தால் டிபியாவில் விழும் சுமை குறையும்.

இடமும் முக்கியம். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் சாலைகளின் மேடு பள்ளம் இந்த வாரங்களுக்கு ஆகாது. கடற்கரை நடைபாதையான ப்ரொமனேடின் சமதளம் நல்லது. அலையோரத்து ஈரமணல் மென்மையாகத் தெரிந்தாலும் சாய்வானது, ஒரு காலுக்கே அதிக வேலை வைக்கும். வாராவாரம் நடக்கும் பொது ஓட்டமான நார்த் பீச் பார்க்ரனில் 5 கிலோமீட்டரையும் நடந்தே முடிக்கலாம், யாரும் விரட்ட மாட்டார்கள். பாதத்தில் கீறல் ஆறிக்கொண்டிருப்பவர்கள் அந்த ஆண்டு வெறுங்காலோடு காவடி எடுத்து நடப்பதைப் பற்றி முன்கூட்டியே டாக்டரிடமும் வீட்டிலும் பேசுங்கள். வேண்டுதலை அடுத்த தைப்பூசத்துக்குத் தள்ளி வைக்கலாம்.

30 நிமிடம் நிற்காமல் ஓட முடிந்த பிறகு முதலில் தூரத்தை ஏற்றுங்கள், வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். பிறகு வாரத்தில் ஓடும் நாட்கள், அதன் பிறகு வேகம், எல்லாவற்றுக்கும் கடைசியில் இறக்கம். காம்ரேட்ஸில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு இறங்கி ஓடும் ஆண்டில் ஃபீல்ட்ஸ் ஹில், கவீஸ் ஹில் இறக்கங்கள் டிபியாவைக் கடுமையாக அடிக்கும். சமதளத்தில் இரண்டு மாதமாவது வலியில்லாமல் ஓடியிராதவர் அந்த இறக்கங்களில் பயிற்சி செய்யக் கூடாது.